சுவர் சிவந்தது ஆத்தாளால் அல்ல

போன மாதம் வீரபாண்டியில் என் மகன் கட்டிய புது வீட்டில் ஒரு சண்டை நடந்தது. சண்டை போட்டவள் நான்தான். படுக்கையறைச் சுவரிலேயே பதித்த அலமாரியில் என் மருமகள் தன் பட்டுச் சேலைகளை அடுக்கி வைத்திருந்தாள். ஐப்பசி மழை விட்ட பிறகு எடுத்துப் பார்த்தால், கல்யாணச் சேலையின் மடிப்புக்கு மடிப்பு சாம்பல் நிறத்தில் பொட்டுப் பொட்டாய்ப் பூஞ்சை. பாவம், அழுதுவிட்டாள். அழுததில் எனக்குக் கோபம் இல்லை. மாடி வீட்டு அம்மாள் இறங்கி வந்து பார்த்துவிட்டு, "தூரமான நாள்ல அலமாரியத் தொட்டிருப்ப அம்மிணி. மஞ்சத்தண்ணி தெளிச்சு வேப்பங்கொத்துக் கட்டி வை" என்று சொன்னாள். எக்ஸ்போர்ட் கம்பெனியில் கம்ப்யூட்டரில் கணக்குப் பார்க்கிற என் மருமகள் தலையைக் குனிந்துகொண்டு, "இருக்குமுங்க" என்றாள். அங்கேதான் எனக்கு மண்டைக்கு ஏறியது.

அலமாரியின் பின்பலகையில் கையை வைத்துப் பார்த்தேன். தண்ணீர்ப் பானை மாதிரி சில்லென்று இருந்தது. அந்தப் பக்கம் குளியலறை. தினமும் நாலு பேர் குளிக்கிற தண்ணீரை அந்தச் சுவர் குடித்துக்கொண்டிருக்கிறது. இதில் ஆத்தா எங்கே வந்தாள்? மருமகள் மஞ்சள் கரைத்து வைத்திருந்த சொம்பை எடுத்துக்கொண்டு போய் வெளியே முருங்கை மரத்துக்கு ஊற்றிவிட்டேன். மாடி வீட்டு அம்மாள் இப்போது என்னிடம் பேசுவதில்லை. பேச வேண்டாம்.

நான் சாமி இல்லை என்று சொல்கிறவள் அல்ல. திருநீறு பூசாமல் பச்சைத் தண்ணீர் குடித்ததில்லை. கிருத்திகை விரதம் விட்டதில்லை. முழங்கால் வலியோடு இன்றைக்கும் பழனிப் படி ஏறுகிறேன். சாமியை நம்புகிறவள் என்பதால்தான் இவ்வளவு கோபம் வருகிறது. நம்முடைய சோம்பலுக்கும் பிடிவாதத்துக்கும் ஆத்தா பெயரைச் சொல்லித் தப்பித்துக்கொள்வது அவளை ஏசுவதை விடக் கேவலம். ஏசுகிறவனாவது நேராக ஏசுகிறான்.

மருமகளோடு வேலை செய்யும் பெண்கள், துணியைப் பூஞ்சை பிடிக்காமல் எப்படி வைப்பது என்று எழுதித் தரச் சொன்னார்கள். எழுதுகிறேன். ஆனால் அதை மட்டும் எழுதினால் என் மனசு ஆறாது. இதே மஞ்சள் தண்ணீர் ஒரு பெண்ணை என்ன செய்தது என்பதையும் எழுதுகிறேன். பொறுமை இருக்கிறவர்கள் படியுங்கள்.

எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றது. கல்யாணமாகித் திருப்பூருக்கு வந்த பிறகு, காதர்பேட்டைக்குப் பின்னால் ஒரு சந்தில் இருந்த பனியன் கம்பெனியில் சேர்ந்தேன். அப்போது ஊரில் பனியன் என்றால் வெள்ளைப் பனியன்தான். நூல் வெட்டினேன், பீஸ் எண்ணினேன், மடித்தேன். கற்றுக்கொண்ட கதை எல்லாருக்கும் ஒன்றுதான், விட்டுவிடுகிறேன். அறுபதுகளின் பாதியில் பேக்கிங் மேசை என் பொறுப்புக்கு வந்தது.

எனக்கு மேலே பேக்கிங் மேஸ்திரி பொன்னுசாமி. கம்பெனிக்கே அவர் மேஸ்திரியண்ணன். நெற்றியில் சந்தனம், சட்டைக் காலருக்குள் மடித்த கைக்குட்டை. குரலை உயர்த்த மாட்டார். தப்பாக மடித்தவளைத் திட்டவும் மாட்டார். அவள் மடித்த பனியனை அவள் கண் முன்னால் பிரித்து, தானே திரும்ப மடித்து, பெட்டியில் வைத்துவிட்டு ஒன்றும் பேசாமல் போய்விடுவார். அதற்கு நாலு வார்த்தை திட்டு வாங்குவதே தேவலை என்று இருக்கும்.

அயர்ன் மேசையிலிருந்து வரும் பனியனை அவர் சோதிக்கிற விதம் இன்னும் கண்ணுக்குள் நிற்கிறது. மடிப்புக்குள் விரலை விட்டுப் பிரித்து, உள்பக்கத்தைக் கன்னத்தில் வைத்துக் கண்ணை மூடிக்கொள்வார். துணி சில்லென்று இருந்தால் ஈரம் உள்ளே இருக்கிறது என்று அர்த்தம். கையில் காய்ப்பு இருப்பதால் கைக்கு ஈரம் தெரியாது, கன்னம் பொய் சொல்லாது என்பார். அவர் அப்படிக் கண்ணை மூடி நிற்கும்போது, எங்களோடு வேலை செய்த கண்ணம்மா மட்டும் சும்மா இருக்க மாட்டாள்.

"மெதுவா அண்ணா. உங்க ஊட்டு அக்கா பாத்தாங்கன்னா பனியன்கிட்டச் சண்டைக்கு வந்துருவாங்க" என்பாள்.

மேசை முழுக்கச் சிரிப்போம். அவரும் கண்ணைத் திறக்காமலே சிரிப்பார்.

சூடான பனியனைப் பெட்டியில் போட விட மாட்டார். அயர்ன் சூட்டோடு மடித்து மூடினால் சோற்றுச் சட்டியின் மூடியில் தண்ணீர் கோர்ப்பது மாதிரி பெட்டிக்குள் துணி வேர்க்கும். ஒரு பகல் மரத்தட்டில் பரப்பி ஆறவிட்ட பிறகுதான் பெட்டி. குடோனில் தரையில் செங்கல், செங்கல் மேல் பலகை, பலகை மேல் பெட்டி. சுவருக்கும் பெட்டிக்கும் நடுவே ஓர் ஆள் பக்கவாட்டில் நடக்கும் அளவு சந்து. ஜன்னலுக்கு வெளியே, மழை படாத இடத்தில், ஒரு சிரட்டையில் கல்லுப்பு வைத்திருப்பார். காலையில் வந்ததும் அதில் விரலை விடுவார். உப்பு கசிந்திருந்தால் அன்றைக்கு ஜன்னலைத் திறக்கக் கூடாது, வெளிக்காற்று உள்ளே இருப்பதைவிட ஈரம். பொலபொலவென்று இருந்தால் எல்லாக் கதவையும் திற. வேப்பிலை வைப்பதென்றால் நிழலில் காய்ந்து, கையால் கசக்கினால் தூளாக வேண்டும். பச்சை வேப்பிலையைத் துணிக்குள் வைப்பதும் ஒரு கரண்டித் தண்ணீரை ஊற்றுவதும் ஒன்றுதான்.

வீட்டுப் பீரோவுக்கும் இதே சட்டம்தான், பெண்களே. பீரோவைச் சுவரோடு ஒட்டாதீர்கள், கை நுழைய இடம் விடுங்கள். குளியலறைச் சுவரிலும் மழைச்சாரல் அடிக்கிற சுவரிலும் துணி அலமாரி வைக்காதீர்கள். அயர்ன் செய்த துணியை ஆறவிட்டு அடுக்குங்கள். கல்யாணத்துக்குக் கட்டிய பட்டை வேர்வையோடு மடிக்காதீர்கள், ஒரு நாள் நிழலில் கொடியில் கிடக்கட்டும். பட்டைப் பிளாஸ்டிக் பையில் போட்டு மூடாதீர்கள், பழைய வேட்டித் துணியில் சுற்றுங்கள். தை, மாசியில் நல்ல வெயில் நாளாகப் பார்த்து எல்லாவற்றையும் வெளியே எடுத்து, மடிப்பை மாற்றிப் போடுங்கள். ஈரம் உறிஞ்சும் பாக்கெட் என்று கடையில் விற்கிறார்களே, வாங்கி வையுங்கள், தப்பில்லை. ஆனால் சுவர் நாள் முழுக்கத் தண்ணீர் குடித்தால் பாக்கெட் பாவம் என்ன செய்யும்? இவ்வளவுதான் வித்தை. இதில் தீட்டு எங்கேயும் இல்லை.

கண்ணம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். குடோனில் பெட்டி அடுக்குவது அவள் வேலை. நெடுநெடுவென்று வளர்ந்தவள். இரண்டு ஆம்பிளைகள் பிடிக்கிற பெட்டியைத் தனியாகத் தூக்கித் தலைக்கு மேல் வைப்பாள். புருஷன் கைத்தறிக்காரர், கால் வீங்கித் தறிக்குழியில் இறங்க முடியாமல் வீட்டில் உட்கார்ந்துவிட்டார். ஒரே மகள். அந்தப் பிள்ளைக்கு மூன்று வயதில் பெரியம்மை போட்டு, கண் போய்விடும் என்று எல்லாரும் கைவிட்டபோது கண்ணம்மா மாரியம்மனுக்கு வேண்டிக்கொண்டாள். கண் பிழைத்தது. அன்றிலிருந்து வருஷா வருஷம் பங்குனிப் பொங்கலுக்குப் பூவோடு எடுத்தாள். வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன், பூவோடு என்றால் மண்சட்டியில் நெருப்பை வளர்த்துக் கையில் ஏந்திக் கோயிலைச் சுற்றுவது. எங்கள் பக்கத்து நேர்த்தி. கம்பெனியில் எல்லாரையும் கிண்டல் செய்கிற அந்த வாய், பங்குனி மாதம் விரதத்தில் மூடிக்கிடக்கும். வருஷத்தில் அவள் அடக்கமாக இருந்தது அந்த நாட்களில் மட்டும்தான்.

நான் சொல்ல வந்த வருஷம் ஆயுத பூஜைக்கு முன்னால் மழை பிடித்துக்கொண்டது. பூஜை முடிந்ததும் வடக்கேயிருந்து வியாபாரி வருகிறார், தீபாவளிச் சரக்கு குடோன் நிறைய இருக்கிறது. முதலாளியின் மச்சான்தான் மேனேஜர். கம்பெனியைப் பளபளவென்று காட்ட வேண்டும் என்று, குடோன் முழுக்கச் சுண்ணாம்பு அடிக்கச் சொல்லிவிட்டார். மேஸ்திரியண்ணன் ஒரு தடவை சொன்னார். சரக்கை வெளியே எடுத்துவிட்டு அடிக்கலாம், இல்லாவிட்டால் சுவர் காய்கிற வரைக்கும் கதவைத் திறந்து போட வேண்டும் என்றார். வைக்க வேறு இடம் ஏது, நடுவில் இழுத்துப் போட்டு அடித்துவிட்டுத் திரும்பத் தள்ளு, சுண்ணாம்பு பூச்சிக்குப் பகை, நல்லதுதான் என்றார் மேனேஜர். மேஸ்திரியண்ணன் இரண்டாவது தடவை சொல்லவில்லை. இதைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

பெட்டிகளைத் திரும்பத் தள்ளும் வேலை கண்ணம்மாவுடையது. நடக்கிற சந்தும் போய், பெட்டி சுவரோடு ஒட்டி நின்றது. அவள் வெளியே வந்து உள்ளங்கையைக் காட்டினாள். சுண்ணாம்புத் தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது.

"அண்ணா, செவுத்துல கை வெச்சா நனையுதுங்க. இப்பத் தள்ளிப் பூட்டுனா உள்ள சரக்கு வேகாதுங்களா?"

"வெக்கச் சொல்றாங்க, வை அம்மிணி" என்றார்.

சந்தனம் வைத்து, குங்குமம் வைத்து, மாவிலை கட்டிக் குடோனைப் பூட்டினார்கள். பூஜை, விடுமுறை, அதற்கு மேல் மழை. வியாபாரி வருகிற அன்றைக்குத்தான் திறந்தார்கள். கதவு திறந்ததும் மழைக்காலத்துச் செருப்பு நாற்றம் அடித்தது. சுவரோரப் பெட்டிகளைப் பிரித்தால், வெள்ளைப் பனியனில் எள்ளை வாரி இறைத்தது போலக் கறுப்புப் புள்ளி. நடுவில் இருந்த பெட்டிகள் மட்டும் தப்பித்திருந்தன.

மேனேஜரின் தாயார், எங்களுக்கெல்லாம் பெரியம்மா, அன்றைக்குக் கம்பெனிக்கு வந்திருந்தார். அவர் ஒரு பனியனை விரித்துப் பார்த்துவிட்டு, "அம்மை போட்டாப்ல இருக்குதேப்பா. ஆத்தா கோவிச்சுட்டா. ஆரோ சுத்தமில்லாம உள்ள போயிருக்கறா" என்றார். வயதான மனுஷி, அவர் நம்பிச் சொன்னார். அவரை நான் மன்னிப்பேன். மேனேஜர் முகத்தைப் பார்த்தேன். தூக்கில் போடக் கொண்டுபோனவனைப் பாதி வழியில் அவிழ்த்து விட்டது மாதிரி இருந்தது. சுண்ணாம்பு அடிக்கச் சொன்னவர் அவர். இப்போது பழி சுமக்க ஆள் கிடைத்துவிட்டது. கடைசியாக உள்ளே போனவள் யார் என்று கேட்டார். எல்லாருக்கும் தெரியும்.

மிச்சச் சரக்கையாவது வெளியே எடுத்து மின்விசிறிக் காற்றில் போடலாம் என்று நான் கெஞ்சினேன். முதலில் தீட்டுக் கழியட்டும் என்றார்கள். குடம் குடமாய் மஞ்சள் தண்ணீர் வந்தது. பச்சை வேப்பங்கொத்து கட்டுக் கட்டாய் வந்து உத்தரத்தில் தொங்கியது. பெட்டி மேலும் தரை மேலும் சுவர் மேலும் வாரி வாரித் தெளித்தார்கள். தெளித்த மாத்திரத்தில் சுவர் சிவந்தது. மேலிருந்து கீழே கோடு கோடாய் இரத்தம் மாதிரி இறங்கியது. பெரியம்மாவுக்கு உடம்பு சிலிர்த்து, கைகூப்பி, "வந்துட்டா, ஆத்தா வந்துட்டா" என்று அழ ஆரம்பித்தார். அங்கே நின்ற அத்தனை பெண்களும் கும்பிட்டார்கள்.

எனக்கு இன்றைக்கும் தாங்க முடியாதது இது. அங்கே நின்ற ஒவ்வொருத்தியும் கல்யாண வீட்டில் ஆரத்தி கரைத்தவள். மஞ்சளில் சுண்ணாம்பு பட்டால் சிவக்கும் என்று அஞ்சு வயதுப் பிள்ளைக்கும் தெரியும். அடித்த சுண்ணாம்பு இன்னும் காயவில்லை, பச்சையாக இருக்கிறது என்று அந்தச் சுவரே வாய்விட்டுச் சொன்னது. அதைக் கேட்க ஒருவருக்கும் காதில்லை. ஆரத்தித் தட்டில் தெரிவது குடோன் சுவரில் எப்படித் தெரியாமல் போகும்? தெரிந்தது. தெரிந்துதான் கும்பிட்டார்கள்.

நான் மேஸ்திரியண்ணன் பக்கம் போய், சுண்ணாம்புங்க அண்ணா, சொல்லுங்க என்றேன். அவர் சுவரைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். கைக்குட்டையை எடுத்துக் கழுத்தைத் துடைத்தார். சாம்பிராணி போட்டு, புகையோடு கதவைச் சாத்தினார்கள்.

மறுநாள் காலையில் முற்றத்தில் எல்லாரையும் நிற்க வைத்தார் மேனேஜர். ஒரு பித்தளைத் தட்டில் கற்பூரம் எரிந்தது. கண்ணம்மா நடுவில் நின்றாள்.

"கற்பூரத்த அணைச்சு சத்தியம் பண்ணு. விலக்கு நாள்ல குடோனுக்குள்ள கால் வெக்கலைன்னு சொல்லு. போதும், வேலையப் பாரு" என்றார்.

பொய் சொல்லிக் கற்பூரத்தை அணைத்திருந்தால் அவள் பிழைத்திருப்பாள். வேறு யாராக இருந்தாலும் அணைத்திருப்பார்கள். அவள் தட்டைப் பார்த்துக்கொண்டே கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"வெச்சனுங்க" என்றாள். "மாசாமாசம் வெச்சனுங்க. வராட்டிக் கூலி குடுப்பீங்களா? அது ஆத்தாளுக்கு ஆகாதுன்னா, நான் வந்த மொத மாசமே எல்லாம் அழுகியிருக்கோணுமில்லீங்க. இத்தன வருசமா ஆத்தா தூங்கிட்டா இருந்தா?"

பின்னாலிருந்து யாரோ களுக்கென்று சிரித்தார்கள். மேனேஜர் திரும்பியதும் அந்தச் சிரிப்பு செத்தது.

"சத்தியத்துக்கு மறுத்துட்டா. இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்?" என்றார்.

நான் முன்னால் போய் நின்று, "எனக்கு இன்னிக்கு மூணாவது நாளுங்க. காலைல இருந்து பேக்கிங் மேசைல நாந்தான் நிக்கறேன். நான் தொட்ட பெட்டியெல்லாம் என்ன பண்ணப் போறீங்க?" என்று கேட்டேன். ஆம்பிளைகள் இருக்கும் இடத்தில் அப்படிச் சொல்வது அந்தக் காலத்தில் சேலையை அவிழ்ப்பது மாதிரி. அயர்ன் ஆட்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். நான் மேனேஜரை விட்டுவிட்டு மேஸ்திரியண்ணனைப் பார்த்தேன்.

"அண்ணா, நீங்க சொல்லுங்க. செவுத்து ஈரம்னு ஒரு வார்த்தை சொல்லுங்க."

"பெரியவங்க பேசிட்டு இருக்கறாங்க. நாம எதுக்கு அம்மிணி நடுவுல" என்றார்.

அதே அடங்கிய குரல். அந்தக் குரலை நான் இத்தனை வருஷம் பொறுமை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

கண்ணம்மாவை அனுப்பிவிட்டார்கள். என்னை வைத்துக்கொண்டார்கள். இரக்கத்தால் அல்ல, தீபாவளி நெருக்கத்தில் மேசைக்கு ஆள் இல்லை. தீட்டு என்று அவளைத் துரத்திய அதே கம்பெனி, மூன்றாம் நாள்காரி என்னைப் போய்ப் பெட்டி போடு என்றது. அவர்களுடைய ஆசாரம் அவ்வளவுதான்.

சில நாள் கழித்துக் குடோனைத் திறந்தார்கள். நடுவில் நன்றாக இருந்த பெட்டிகளும் போயிருந்தன. மஞ்சள் தண்ணீர் அட்டை வழியாக இறங்கிப் பனியனில் திட்டுத் திட்டாய்ப் பழுப்பு. மேலே தொங்கிய வேப்பங்கொத்து அழுகிச் சொட்டியிருந்தது. ஆத்தாளைச் சாந்தி செய்த பிறகும் ஏன் அழுகியது என்று யாரும் கேட்கவில்லை. மேனேஜர் கேட்கவில்லை. பெரியம்மா கம்பெனிப் பக்கம் வருவதை நிறுத்திக்கொண்டார். கொஞ்ச நாளில் சத்தமில்லாமல் புதுப் பலகைகள் வந்து இறங்கின. சுவரோரச் சந்து திரும்பி வந்தது. இனிமேல் சுண்ணாம்பு கோடையில்தான் என்று உத்தரவானது. உத்தரவு போட்டவர் அதே மேனேஜர். எதனால் என்று ஒரு வார்த்தை இல்லை.

வேலை போனதைக் கண்ணம்மா தாங்கிக்கொண்டிருப்பாள். வீட்டிலேயே நூல் சுற்றினாள், யாரோ வீட்டில் மாவு ஆட்டினாள். வேறு கம்பெனிக்குப் போனால், அந்தக் குடோன்காரியா என்று கேட்டுவிட்டுச் சொல்லி அனுப்புகிறோம் என்பார்கள். அதையும் தாங்கினாள். மாசியில், கோயிலுக்குக் காப்புக் கட்டப் பெயர் கொடுக்கப் போனபோது, பூசாரி தயங்கினார். ஆத்தா கோபத்துக்கு ஆளானவள் என்று ஊரெல்லாம் பேச்சாகிவிட்டது, கற்பூரச் சத்தியத்துக்கு மறுத்தவள், பூவோடு எடுத்து ஊருக்கு ஏதாவது ஆகிவிட்டால் என்ன செய்வது என்றார். கம்பெனித் தரப்பில் பெரிய மனுஷன் யாராவது வந்து, அது அவள் குற்றமில்லை என்று கோயில் வாசலில் சொல்லட்டும், சட்டியில் நெருப்பு வைக்கிறேன் என்றார்.

அன்றைக்குத்தான் அவள் என் வீட்டுக்கு வந்தாள். அதற்கு முன்னால் ஒரு நாளும் அழுது நான் பார்த்ததில்லை.

"என்ற புள்ளைக்குக் கண்ணு குடுத்தவ அக்கா. அவளப் போயி எம்மேல கோவப்பட வெச்சுட்டாங்களே" என்றாள்.

இரண்டு பேரும் மேஸ்திரியண்ணன் வீட்டுக்குப் போனோம். அவர் மனைவி மோர் கொடுத்தார். கண்ணம்மா வாங்கிக் கீழே வைத்துவிட்டாள்.

"வேலை கேட்டு வரலீங்க அண்ணா. மறுக்கா அந்தக் குடோனுக்கு நான் வரமாட்டேன். உங்களுக்குத் தெரிஞ்சத கோயில் வாசல்ல சொல்லுங்க. செவுரு ஈரம்னு. அவ்வளவுதான்."

அவருக்கும் இரண்டு பெண்கள் கல்யாணத்துக்கு இருந்தார்கள், அதே கம்பெனியில் மகனும் சேர்ந்திருந்தான். எனக்குத் தெரியும். "வரேன் அம்மிணி" என்றார். "பங்குனிக்கு வந்து சொல்றேன்."

அவள் விரதம் தொடங்கினாள். புதுச் சட்டி வாங்கினாள். சட்டியில் எரிக்க எங்கெங்கோ போய் வேப்பஞ்சுள்ளி பொறுக்கி வந்து கூரை மேல் பரப்பி, வெயிலுக்குத் திருப்பித் திருப்பிப் போட்டாள்.

பூவோட்டு நாளில் கோயில் வாசலில் நிற்க இடமில்லை. அந்த வருஷ அன்னதானம் எங்கள் கம்பெனியுடையது. முதலாளி, மேனேஜர், பெரியம்மா எல்லாரும் பந்தலில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்கள். மேஸ்திரியண்ணன் வெள்ளை வேட்டி சட்டையில் வந்தார். பந்தலைப் பார்த்ததும் அவர் நடை மாறியதை நான் கவனித்தேன். மற்றப் பெண்களின் சட்டிகளில் ஒவ்வொன்றாய் நெருப்பு ஏறியது. கண்ணம்மாவின் முறை வந்ததும் பூசாரி நிறுத்தினார்.

"பொன்னுசாமியண்ணா, நீங்க என்னமோ சொல்லோணும்னு இந்தம்மா சொன்னாங்க. சொல்லுங்க, கேட்டுக்கறோம்."

மேளம் நின்றது. மேனேஜர் பந்தலிலிருந்து எட்டிப் பார்த்தார். மேஸ்திரியண்ணன் காலருக்குள்ளிருந்து கைக்குட்டையை எடுத்தார்.

"சாமி காரியம். நமக்கென்னங்க தெரியும்" என்றார்.

நான் கத்தினேன். சுண்ணாம்புதான், ஈரம்தான், இவருக்குத் தெரியும், இவர்தான் எங்களுக்கே சொல்லிக் கொடுத்தார் என்று தொண்டை கிழியக் கத்தினேன். யாரோ என்னை விலக்கினார்கள். மூன்றாம் நாள் என்று முற்றத்தில் சொன்னவள்தானே இவளும் என்று ஒரு பெண் குரல் கேட்டது. எங்கள் மேசையில் எனக்கு எதிரே நின்று மடிக்கிறவளின் குரல்.

கண்ணம்மா சண்டை போடவில்லை. நெருப்பில்லாத சட்டியைத் தூக்கி இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டு, எரிகிற சட்டிகளுக்கு நடுவே கோயிலைச் சுற்றினாள். யாரும் தடுக்கவில்லை, தொடவும் பயம். சுற்றி முடித்து வாசல்படியில் சட்டியை வைத்தாள். கும்பிட்டாள். மகளின் கையைப் பிடித்துக்கொண்டு, ஒருவரையும் திரும்பிப் பார்க்காமல் போய்விட்டாள். அந்த வருஷமே புருஷனையும் கூட்டிக்கொண்டு ஊரைவிட்டே போனாள்.

மேஸ்திரியண்ணன் ஓய்வு பெறும் வரைக்கும் அவருக்குக் கீழேதான் வேலை செய்தேன். வேலை சம்பந்தமாகக் கேட்டதற்குப் பதில் சொன்னேன். வேறு ஒரு வார்த்தை அவரிடம் பேசியதில்லை. அவர் கற்றுக்கொடுத்ததை இன்றைக்கும் செய்கிறேன், மேலே உங்களுக்கும் எழுதியிருக்கிறேன். அது எல்லாம் சரி. தெரிந்ததைச் சொல்லாதவனுக்குத் தெரிந்து என்ன பிரயோசனம்?

மறுநாள் காலையில் கோயில் வாசலில் அந்தச் சட்டி வைத்த இடத்திலேயே இருந்தது. பூசாரிகூட அதைத் தாண்டித்தான் போய் வந்துகொண்டிருந்தார். நான் போய் எடுத்தேன். சுள்ளிகள் கலகலவென்று ஒன்றோடு ஒன்று உரசின. ஒன்றை எடுத்துக் கன்னத்தில் வைத்துப் பார்த்தேன். துளி ஈரம் இல்லை. ஒரு பொறி விழுந்திருந்தால் போதும், ஆளுயரத்துக்கு எரிந்திருக்கும்.